நான் ஊரில் இல்லாத நாலு நாள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது செண்பகவல்லி என்கிற ஒரு நர்ஸ் பிள்ளை, டீச்சர். கோவில்பட்டிக்காரி. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் இரண்டாவது வாரம், எங்க வீட்டுக்காரர் குளியலறையில் விழுந்த மூன்றாம் நாள், புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்குச் சொன்னாள். நாளும் நேரமும் எனக்கு மறக்காது. அவள் தலைக்கு மேலேதான் ஆஸ்பத்திரிக் கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"மனசுல நடக்கிறதெல்லாம் ரத்தத்துக்கும் தெரிஞ்சிரும்மா" என்று சொன்னாள்.

நீங்களே ஜன்னலோரம் இருங்க. எனக்குக் காத்து ஆகாது. பேப்பர் திருத்தப் போறேன்னு கண்டக்டர்கிட்ட சொன்னீங்களே, அதான் டீச்சர்னு கூப்பிடுறேன். கோவிச்சுக்கிட வேண்டாம். சிவகாசி வரைக்கும்தானே? நானும் அங்கேதான். என் மகன் ஜெயசிங் அங்கே ஒரு அச்சாபீஸில் இருக்கிறான். காலண்டர் தாள் வெட்டுகிற மிஷினில் வேலை. ஆறு வருஷத்தில் நான் அவனைப் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை.

இல்லை, சும்மா பார்க்கப் போகவில்லை. அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். அதற்குப் பதில் கொண்டு போகிறேன். கொண்டு போகிறேன் என்று சொல்கிறேனே தவிர, பதில் என்னவென்று எனக்கே இன்னும் தெரியாது. அது இந்தப் பைக்குள் இருக்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

எங்க வீட்டுக்காரர் பெயர் வேதமாணிக்கம். தூத்துக்குடியில் ஒரு மில்லில் முப்பத்தெட்டு வருஷம் பாய்லர் பார்த்தார். பாய்லரில் ஒரு முள் இருக்குமாம், நீராவி எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று காட்டுமாம். மணிக்கு ஒரு தரம் அதைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஷிப்ட் முடிந்தால் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அடுத்து வருகிறவர் அந்தப் பக்கத்தில் எழுத மாட்டார், புதுப் பக்கத்தில்தான் தொடங்குவார். ஷிப்ட் மாறினால் பக்கம் மாறணும், அது மில் பழக்கம். வீட்டிலும் அப்படித்தான். நான் எழுதின பால் நோட்டில்கூட அவர் எழுத மாட்டார், பக்கத்தைத் திருப்பித்தான் எழுதுவார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குப் போன அக்டோபரில் தலைவலி என்று டாக்டரிடம் போனோம். பிரஷர் இருக்கிறது என்றார். பெரிசாக ஒன்றும் இல்லை, அரை மாத்திரை போதும், ஆனால் வீட்டிலேயே ஒரு மிஷின் வாங்கித் தினமும் பாருங்க என்றார். தினமும் ஒரே நேரத்தில் பார்க்கணும், காபி குடிப்பதற்கு முன்னால் பார்க்கணும், அஞ்சு நிமிஷம் அமைதியாக உட்காரவைத்துவிட்டுப் பார்க்கணும். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன் டீச்சர். ஆனால் ஒருத்தர் சொன்னதை அப்படியே செய்வேன்.

அமைதியாக உட்காருகிற நேரம் என்றால் எங்க வீட்டில் குடும்ப ஜெபத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? காலையில் ஆறு மணிக்கு முன்கூடத்தில் பாய் விரித்து நான் உட்காருவேன். அவருக்கு முழங்கால் மடங்காது, நாற்காலியில் உட்காருவார். நான் ஒரு பாட்டுப் பாடுவேன். அவர் வேதம் வாசிப்பார். அன்றைக்கு வாசிக்கிற பகுதியை நான்தான் முந்தின நாளே நாடா வைத்துக் குறித்திருப்பேன். அப்பா மகன் கதையாகப் பார்த்து வைப்பேன், வேறொன்றும் இல்லை. அப்புறம் நான் ஜெபம் பண்ணுவேன். ஆமென் சொன்ன கையோடு அவர் கையில் பட்டையைக் கட்டி மிஷினை அழுத்திவிடுவேன், வருகிற எண்ணை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிவைப்பேன்.

முதல் நாள் நூற்றி ஐம்பத்தெட்டு. மறுநாள் நூற்றி அறுபத்திரண்டு. மேல் நம்பரைத்தான் சொல்கிறேன்.

மிஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். என் கையில் கட்டிப் பார்த்தேன். எனக்கு நூற்றிப் பதினாறு. ஜெபம் முடித்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும், பாரமெல்லாம் இறங்கிப்போகும். அவருக்கு ஏறிப்போய் இருந்தது.

"என்ன கனகு, கையை இந்த இறுக்கு இறுக்குத? பாய்லரா இருந்தா வெடிச்சிருக்கும்ட்டி" என்பார்.

"பேசாதிய. பேசினா நம்பர் ஏறும்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"நான் பேசினா ஏறுமா, நீ பேசினா ஏறுமான்னு கேட்டியா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் கேலிதான் பேசுவார், எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். "பாய்லருக்குன்னா மேலே ஒரு வால்வு வெச்சிருக்கான். பிரஷர் மிஞ்சினா தானா திறந்து ஊதி வெளியே விட்டுரும். மனுஷனுக்கு அதை வைக்க மறந்துட்டாரு ஒங்க ஆண்டவரு" என்று ஒரு நாள் சொன்னார். அப்படியெல்லாம் பேசக் கூடாதென்று நான் வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஜெயசிங்கைப் பற்றிச் சொல்லவில்லையே. சொல்கிறேன்.

எங்களுக்கு மூத்தது பியூலா. அவள் மதுரையில் இருக்கிறாள். அவளுக்கு அப்புறம் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது தடவை நான் ஒரு பொருத்தனை பண்ணினேன். இது ஆண்பிள்ளையாகப் பிழைத்து வந்தால் ஆண்டவருடைய ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று. நானாகத்தான் பண்ணினேன். பிறந்த அப்புறம் அவரிடம் சொன்னேன். அவர், "சொன்னது சொன்னதுதான்" என்றார். ஞானஸ்நானத்தன்றைக்குச் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, இந்தப் பிள்ளை ஊழியத்துக்கு என்று அவர் வாயால் சொன்னார். அவர் சபையில் எழுந்து பேசினது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

பையன் காலேஜ் முடித்து, குருமார் படிப்புக்குப் போனான். இரண்டாம் வருஷம் பாதியில் பெட்டியோடு வந்து நிற்கிறான். மெலிந்து, கண் உள்ளே போய். "அம்மா, பிரசங்க மேடையில ஏறினா எனக்குக் கை நடுங்குது. வயித்துல நெருப்பு வெச்ச மாதிரி எரியுது. டாக்டர் புண்ணுங்கிறாரு. எனக்கு அந்த அழைப்பு இல்லம்மா" என்றான். நான், "ஜெபம் பண்ணு ராசா, எல்லாம் சரியாகும்" என்று மோர் கலக்கிக் கொடுத்தேன். அவன் குடித்துவிட்டு, "நான் திரும்பிப் போகலை" என்று சொல்லிவிட்டான்.

நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. கோபத்தில் இல்லை டீச்சர். உபவாசம். அழுதுகொண்டே இருந்தேன், அது உண்மை. ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்துவிட்டோமே என்கிற பயம். நான் வயிறு காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்குக் கோபம் ஏறிற்று. மூன்றாம் நாள் மகனிடம் போய், "அம்மைய இந்த நிலைக்குக் கொண்டுவந்துட்டியே. கொடுத்ததைத் திரும்ப வாங்குற வீடு இது இல்ல. நீ போயிரு" என்றார். அவன் அந்தப் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னார்: "இனி இந்த வீட்டுல அவன் பேரை எடுத்துப் பேசக் கூடாது, கனகு. என்னால தாங்க முடியாது." நானும் சரி என்றேன். ஆறு வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். சாப்பாட்டில் இருக்கும்போது சொன்னதில்லை. பண்டிகைக்குச் சொன்னதில்லை. அவன் பிறந்த நாளில் பாயசம் வைத்தால்கூட எதற்கென்று சொன்னதில்லை.

ஜெபத்தில் மட்டும் சொல்வேன். பேசக் கூடாது என்றுதானே சொன்னார்? ஜெபத்தில் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே. ஒரு தாய் பிள்ளை பெயரைச் சொல்லாமல் ஜெபம் பண்ண முடியுமா? "பரம பிதாவே, ஜெயசிங்கை நினைத்தருளும். எந்த ஊரில் என்ன சாப்பிட்டுப் படுத்தானோ. அவனுக்குத் தகப்பன் வீட்டு வாசல் திறக்கிற நாளைத் தாரும். திறக்க வேண்டியவங்க மனசைக் கரைத்தருளும், ஆண்டவரே. ஜெயசிங்கை, ஆண்டவரே, ஜெயசிங்கை..." இப்படித்தான். கொஞ்சம் சத்தமாகத்தான் பண்ணுவேன். நான் ஆண்டவரிடம் பேசினேன். அவர் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார், அவ்வளவுதான். அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு வார்த்தை.

ஒரு நாள் அவர், "கனகு, இன்னைக்குக் காபி குடிச்சிட்டு அப்புறமா மிஷினை வைப்பமா?" என்றார். டாக்டர் சொன்னதை மீற வேண்டாம் என்றேன். இன்னொரு நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், "இன்னைக்கு நான் ஜெபம் பண்ணுதேன்" என்றார். எனக்கு ஆச்சரியம். "நீங்க வேதம் வாசிங்க, ஜெபம் நான் பண்றதுதானே நம்ம வீட்டு வழக்கம்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு அவரை விட்டிருக்கலாம் டீச்சர். விட்டிருந்தால் அவர் வாயில் யார் பெயர் வந்திருக்கும் என்று இன்றைக்குத் தெரிந்திருக்கும்.

நோட்டை மாதம் ஒரு தடவை டாக்டரிடம் காட்டுவோம். நூற்றி அறுபது, நூற்றி எழுபது என்று இருக்கிற நோட்டைப் பார்த்து அவர் என்ன செய்வார்? அரை மாத்திரை ஒன்றாயிற்று. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் இரண்டு வகை ஆயிற்று. மாசம் பிறக்க மாத்திரை கூடிக்கொண்டே போயிற்று. டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்ட எண்ணை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்க வீட்டுக்காரர் மட்டும், "எந்திரிச்சா தலை கிறங்குதுட்டி. தரை கீழே போற மாதிரி இருக்கு" என்பார். கஞ்சியில் உப்பைக் குறைத்ததால் சத்துப் போய்விட்டது என்று நான் நினைத்தேன். முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்தேன். அதையும் ஜெபத்தில் வைத்தேன்.

மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்றரை. குளித்துவிட்டு ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கிறார். சத்தம் கேட்டு ஓடினேன். குழாயில் பின்தலை அடித்திருந்தது. அவ்வளவு பெரிய காயமாகக்கூடத் தெரியவில்லை. என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்ல கனகு" என்றார். அதுதான் அவர் பேசின கடைசி வார்த்தை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே கண் சொருகிவிட்டது. தலைக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள்.

கோவில்பட்டி வந்துட்டுதா? பத்து நிமிஷம் நிற்கும். கடலைமிட்டாய் வாங்குறீங்களா? எனக்கு வேண்டாம். வாய் காய்ந்து கிடக்கிறது. இப்போதெல்லாம் அப்படித்தான்.

தீவிர சிகிச்சை வார்டில் காலையில் பத்து நிமிஷம் என்னை உள்ளே விடுவார்கள். தலைமாட்டில் ஒரு டிவி மாதிரிப் பெட்டி, அதில் கோடு ஓடும், பச்சை எண் ஒன்று எரியும். அது இதயம் எத்தனை தடவை அடிக்கிறது என்பதாம். எழுபது, எழுபத்திரண்டு என்று நிற்கும். அந்தப் புதன்கிழமை நான் அவர் நெற்றியில் கை வைத்து ஜெபம் பண்ணினேன். முதலில் பியூலா, மருமகன், பேரன். எழுபத்திரண்டு. அப்புறம் ஜெயசிங். கண்ணை மூடித்தான் இருந்தேன், ஆனால் பெட்டி கூவினது கேட்டது. கண்ணைத் திறந்தால் நூற்றிப் பதினெட்டு.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் டீச்சர். அவருக்கு நினைவு வருகிறது, ஆண்டவர் பதில் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். இன்னும் சத்தமாக, "ஜெயசிங், ஜெயசிங்" என்றேன்.

செண்பகவல்லி ஓடிவந்தாள். ஒரு பட்டனை அழுத்தினாள், கைப்பட்டை ஊதிற்று. நூற்றி எழுபத்தாறு. அவள் என்னைப் பார்த்தாள்.

"இப்ப என்னம்மா செஞ்சீங்க?"

"ஜெபம்தாம்மா பண்ணினேன்."

"ஜெபத்துல என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவள் எண் இறங்குகிறவரை பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டாள். "வீட்டுல எப்ப பிரஷர் பார்ப்பீங்க?"

"காலையில. ஜெபம் முடிஞ்ச உடனே."

"மத்தியானம் பார்த்ததுண்டா?"

"இல்ல."

"சாயங்காலம்?"

"இல்லம்மா. ஒரே நேரத்துலதானே பார்க்கச் சொன்னாரு."

"இங்க வந்ததிலேர்ந்து அவருக்கு மாத்திரையே குடுக்கலம்மா. நூத்திப் பத்து, நூத்திப் பதினஞ்சுதான் இருக்கு." அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள், மனசில் நடப்பது ரத்தத்துக்குத் தெரியும் என்று. கிட்னிக்கு மேலே தொப்பி வைத்த மாதிரி ஆளுக்கு இரண்டு சுரப்பி இருக்கிறதாம். மனசு திடுக்கிட்டால் அது ஒரு ரசத்தை ரத்தத்தில் ஊற்றுமாம். இதயம் அடித்துக்கொள்ளும், ரத்தக் குழாய் இறுகும், வாய் காயும், வயிறு கலங்கும். புலி துரத்தினால் ஓடித் தப்பிப்பதற்காக வைத்திருக்கிறதாம். ஓடி முடித்தால் இறங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவர் எங்கே ஓடுவார்?

"அந்த ஒரு நேரத்து ஏத்தத்துக்கு மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் குடுத்ததுல, மத்த நேரமெல்லாம் அவருக்கு ரொம்ப இறங்கிப்போயிருக்கும்மா. எந்திரிச்சதும் கண்ணு இருட்டியிருக்கும்."

அதட்டிச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். "கோவத்துக்குத்தான் அந்த ரசம் ஊறுமா? பாசத்துக்கு ஊறாதா?"

அவள் யோசித்தாள். "ரொம்ப நாளா பார்க்காத ஆளைத் திடீர்னு பார்த்தாலும் நெஞ்சு அடிச்சுக்கிடும்லம்மா. அதுவும் இதேதான். சுரப்பிக்கு வித்தியாசம் தெரியாது."

"அப்போ மிஷினுக்கு?"

"மிஷினுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

மறுநாள் போனேன். பெயரைச் சொல்லவில்லை. எழுபத்தொன்றிலேயே நின்றது. அதற்கு மறுநாள்... உங்ககிட்டே சொல்வதற்கு என்ன, அன்றைக்கு ஒரே ஒரு தடவை, காதோரமாய், மெதுவாகச் சொல்லிவிட்டேன். ஜெபமாக இல்லை. ஏறுதா என்று பார்க்கத்தான். ஏறிற்று. மூடின இமைக்குக் கீழே கண் அசைந்த மாதிரியும் இருந்தது. செண்பகவல்லி பார்த்துவிட்டாள். என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் பியூலாவைத்தான் உள்ளே விட்டார்கள்.

பதினோராம் நாள் போய்விட்டார்.

ஜெயசிங்குக்கு பியூலா போன் பண்ணியிருக்கிறாள். கல்லறையில் கடைசி வரிசையில் நின்றான். மண் போடும்போதுதான் கிட்டே வந்தான். தலையில் நரை வந்துவிட்டது டீச்சர், முப்பத்திரண்டு வயசில். வீட்டுக்கு வா, ஒரு வாய் சாப்பிடு என்றேன். வரவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா எம்மேல கோவத்தோடயே போயிட்டாகளா?" என்றான்.

நான் பொய் சொல்லிப் பழகாதவள். "தெரியலியேய்யா" என்று சொல்லிவிட்டேன்.

அவன் சரி என்று தலையை ஆட்டினான். பஸ் ஏறிப் போய்விட்டான். அன்றிலிருந்து அவனுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லையாம். பழைய வயிற்றுப்புண் திரும்ப வந்துவிட்டது, ரத்தமாகப் போகிறதென்று பியூலா சொன்னாள். மாத்திரை சாப்பிடுகிறானாம். மாத்திரையில் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

அதனால்தான் போகிறேன். அவனுக்குப் பதில் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரஷர் நோட்டை டாக்டர்கள் பார்க்க வாங்கி வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரம் செண்பகவல்லிதான் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது, "அம்மா, ஜனவரியில நாலு நாள் வேற கையெழுத்தா இருக்கே?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொங்கல் கழித்து, எங்க பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நாலு நாள் முகாம். வியாழன் முதல் ஞாயிறு வரை நான் ஊரில் இல்லை. "நீ போயிட்டு வா. பாய்லருக்கே முப்பத்தெட்டு வருஷம் எழுதினவன், என் பிரஷரை நானே பார்த்து எழுதிக்கிட மாட்டனா?" என்றார். தினமும் போனில் "எவ்வளவு இருக்கு?" என்று கேட்பேன். "எழுதியிருக்கேன்" என்பார், எண்ணைச் சொல்ல மாட்டார். திரும்பி வந்தபோது நோட்டில் எனக்கென்று புதுப் பக்கம் திறந்து வைத்திருந்தார். ஷிப்ட் மாறிட்டுல்லா. நான் முகாமில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே அந்தப் புதுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டேன். அவருடைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. டாக்டரும் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அந்த நாலு நாளும் வீட்டில் அவர் மட்டும்தான். காலை ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அது தவறாது. என் சத்தம் இல்லை. அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. தனியாக ஜெபம் பண்ணியிருப்பார்.

அந்த நாலு நாளும் எண் ஏறியிருந்தால், அந்தப் பெயர் அவர் மனசிலேயே இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் சொல்லாமலே, அவராகவே நினைத்திருக்கிறார். ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து மகன் பெயரைச் சொல்லிக் கோபப்படுகிறவர் உண்டா? மாட்டார் டீச்சர். பாசம்தான். மகனிடம் போய் நான் அதைச் சொல்லிவிடுவேன்.

எண் இறங்கியிருந்தால்...

இறங்கியிருந்தால், நான் இல்லாத நாலு நாள் அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

செண்பகவல்லி அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பாள். அவள் மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தபோது நான் நோட்டை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மாசமாகத் திறக்கவில்லை. உயிர்த்தெழுந்த பண்டிகையும் போயிற்று. ஜெபத்துக்கு உட்காருகிறேன். பாட்டு வருகிறது. பெயர்கள் வருகிற இடம் வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அவர் நாற்காலி பக்கத்திலேயே கிடக்கிறது.

சாத்தூர் தாண்டியாயிற்றா? அப்போ இன்னும் அரை மணி நேரம்தான்.

இந்தாங்க. நீல அட்டை. கண்ணாடி இல்லையா என்று கேட்காதீங்க, கண்ணாடி பையில்தான் இருக்கிறது. நீங்க நாள் முழுக்க யார் யார் பிள்ளைகளுக்கோ நம்பர் போடுகிறவங்க, உங்களுக்குக் கை நடுங்காது. ஜனவரி பதினாறிலிருந்து பத்தொன்பது வரை. நடுவில் ஒரு பக்கம், நாலே வரி, பாக்கியெல்லாம் வெள்ளையாக இருக்கும். கீழே அவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

மேல் நம்பர் மட்டும் போதும். நூற்றைம்பதுக்கு மேலே இருந்தால் வாய்விட்டு வாசிங்க, நாலையும் வாசிங்க, பக்கத்துச் சீட்டில் கேட்டாலும் பரவாயில்லை. அதற்குக் கீழே இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, வெளியே பார்த்துக்கொள்ளுங்க டீச்சர்.